கம்ப்யூட்டர்ல ஓடுது ஸார்... வீட்ல ஓட மாட்டேங்குது!

'டி.வி.டி.யா? அதெல்லாம் இன்னும் இருக்கா?' என்று கேட்பவர்கள் ஒரு நடை ஊர்ப்பக்கம் போய் வரவேண்டும். ஹாலில் ஷோகேஸ். ஷோகேஸ் நடுவில் டி.வி. அதற்குக் கீழே பூப்போட்ட துணி மூடி ஒரு டி.வி.டி. ப்ளேயர். பக்கத்து அட்டைப் பெட்டியில் மூத்த பெண்ணின் கல்யாணம், பேரனின் காதுகுத்து, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம்... எல்லாம் வட்ட வட்டமாக! 2006-ல் ஆரம்பித்த அரசாங்க இலவச கலர் டி.வி. திட்டத்தில் வந்த 14 இன்ச் பெட்டியோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகிக்கொண்டு இந்த ப்ளேயர் குடித்தனம் நடத்திய வீடுகள் ஏராளம். அப்புறம் டி.வி. மாறியிருக்கும். ப்ளேயர் மாறியிருக்காது.

காரணம் உண்டு. பெரியவர்களுக்கு அது பழகிய சாமான். தட்டைப் போட்டால் படம் வரும். பாஸ்வேர்டு கேட்காது. 'அப்டேட் செய்யட்டுமா?' என்று உயிரை வாங்காது. நெட் பேக் தீர்ந்துவிட்டது என்று தாலி கட்டும் நேரத்தில் சுற்றிக்கொண்டு நிற்காது.

ஆபீஸில் எனக்கு 'டிஸ்க் டாக்டர்' என்று பெயர். (இதனால் இன்க்ரிமென்ட் எதுவும் வரவில்லை.) இரண்டு மாதத்துக்கு ஒருவராவது கையில் உறையோடு வந்து நிற்பார். எல்லோரும் சொல்லும் வியாதி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல ஓடுது ஸார்... வீட்ல ஓட மாட்டேங்குது!"

போன வருஷம் வந்த பில்லிங் செக்‌ஷன் நண்பரின் கேஸ் கொஞ்சம் கனமானது. 2008-ல் அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அப்பா இப்போது இல்லை. அந்த டி.வி.டி.யில் மட்டும்தான் அப்பா நடக்கிறார், பேசுகிறார், புரோகிதரோடு தட்சிணைத் தகராறு செய்து சிரிக்கிறார். ஊரில் தனியாக இருக்கும் அம்மா, வருஷா வருஷம் திதி முடிந்த சாயங்காலம் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பாராம். இந்தத் தடவை பாதியில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது.

"செல்லுல போட்டுக் குடுத்தா அம்மாவுக்குப் பார்க்கத் தெரியாது ஸார். டிஸ்க்காத்தான் வேணும். என் அக்கா பையன் புதுசா ஒண்ணு ரைட் பண்ணிக் குடுத்தான். லேப்டாப்ல சூப்பரா ஓடுது. வீட்டு ப்ளேயர்ல போட்டா 'நோ டிஸ்க்'ங்குது!"

தட்டு உள்ளே இருக்கும்போதே 'தட்டு இல்லை' என்று சொல்லும் தைரியம் ப்ளேயருக்கு எங்கிருந்து வந்தது? அதைப் பார்ப்போம்.

ப்ளேயருக்கு ஒரே பாஷை!

கம்ப்யூட்டர் பல பாஷை கற்ற பண்டிதர். எந்த வீடியோ ஃபைலைக் கொடுத்தாலும் படித்துவிடும். வீட்டு டி.வி.டி. ப்ளேயர் அப்படியில்லை. 1996-ல் ஜப்பானில் முதல் டி.வி.டி. ப்ளேயர்கள் விற்பனைக்கு வந்தபோது எந்தச் சட்டதிட்டமோ, அதே சட்டதிட்டம்தான் இன்றைக்கும். படம் 'எம்பெக்-2' என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். சத்தம் வினாடிக்கு 48,000 மாதிரிகளாக, டால்பி டிஜிட்டல் போன்ற இரண்டு மூன்று முறைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். எல்லாம் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஒரு ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும்.

அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்று விதமான ஃபைல்கள் தெரியும். வி.ஓ.பி. என்று முடிபவை படமும் சத்தமும் சேர்ந்தவை; ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.க்கு மேல் போகாது. ஐ.எஃப்.ஓ. என்பவை வழிகாட்டிகள்: எந்தக் காட்சி எங்கே ஆரம்பம், மெனுவில் எதை அமுக்கினால் எங்கே போவது என்ற விலாசமெல்லாம் அதில்தான். பி.யு.பி. என்பது அந்த வழிகாட்டியின் நகல். ஒன்று கீறல் விழுந்தால் இன்னொன்று. ஒரிஜினல் ரேஷன் கார்டும் ஜெராக்ஸும் மாதிரி.

அக்கா பையன் என்ன செய்திருந்தான்? பழைய டி.வி.டி.யை எம்.பி.-4 ஃபைலாக மாற்றி ('அப்பத்தான் மாமா க்ளியரா இருக்கும்!'), அதை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்திருந்தான். அது டி.வி.டி. தட்டுதான், ஆனால் 'டி.வி.டி. வீடியோ' இல்லை. வெறும் ஃபைல் மூட்டை. அதோடு, விண்டோஸில் டிஸ்க் போட்டதும் 'பென் டிரைவ் மாதிரியா, சி.டி. - டி.வி.டி. ப்ளேயருக்கா?' என்று ஒரு கேள்வி வரும். அவன் முதலாவதைத் தட்டிவிட்டான். அந்த முறையில் எழுதிய தட்டைப் பல வீட்டு ப்ளேயர்கள் தட்டு என்றே மதிப்பதில்லை. 'நோ டிஸ்க்' ரகசியம் இதுதான்!

"அப்ப ரெண்டாவதைத் தட்டியிருந்தா ஓடியிருக்குமா ஸார்?"

அதுவும் இல்லை. விண்டோஸ் அங்கே எழுதும் முறையை மட்டும்தான் மாற்றுகிறது. உள்ளே இருக்கும் எம்.பி.-4 எம்.பி.-4 ஆகவே இருக்கும். ஃபைலை டி.வி.டி. வீடியோவாக மாற்றித்தரும் 'டி.வி.டி. மேக்கர்' என்ற சாமான் விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் கூடவே வந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இனிமேல் நாமே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

'டி.வி.டி.ஸ்டைலர்' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டால் எம்பெக்-2 ஆக மாற்றி, மெனு போட்டு, வீடியோ டி.எஸ். ஃபோல்டராகத் தந்துவிடும். 'ஹேண்ட்பிரேக்' என்று இன்னொன்று பிரபலம். அது டி.வி.டி.யிலிருந்து எம்.பி.-4 செய்யும், எம்.பி.-4-லிருந்து டி.வி.டி. செய்யாது. பெயருக்கேற்றபடி இந்தப் பக்கம் வண்டி நகராது!

எந்தப் பால், ஸார்?

டி.வி.டி.ஸ்டைலர் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்கும்: பால் அல்லது என்.டி.எஸ்.ஸி.?

"பாலா? ஆவினா ஸார்?" என்றார் நண்பர்.

இந்தப் பாலுக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை. டி.வி. ஒளிபரப்பு முறையின் பெயர். நம் நாட்டு முறை பால்: படம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படம். அமெரிக்கா, ஜப்பான் முறை என்.டி.எஸ்.ஸி.: 720-க்கு 480, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம். கல்யாண வீடியோ நம்மூரில் எடுத்தது, பார்க்கும் டி.வி.யும் பழசு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பால் போடுங்கள். பழைய டி.வி. சிலவற்றில் என்.டி.எஸ்.ஸி. தட்டு கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இல்லையேல் படம் உருண்டுகொண்டே இருக்கும்.

செல்போனில் எடுத்த படத்துக்கு இரண்டு சங்கடம். ஒன்று, போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வினாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கைக் கூட்டிக் குறைக்கும். அதை அப்படியே மாற்றினால் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போய், டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும். முதலில் ஒரே சீரான கணக்குக்கு மாற்றிக்கொண்டு பிறகு டி.வி.டி. செய்யவேண்டும். இரண்டாவது, போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். டி.வி.யில் இரண்டு பக்கமும் கறுப்பாக, நடுவில் கதவிடுக்கில் பார்ப்பது போல பேரன் தெரிவான். அதற்கு வைத்தியம் இல்லை. அடுத்த முறை போனைப் படுக்கவையுங்கள்.

முழம் கணக்கு

டிஸ்க் உறையில் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும். விண்டோஸில் பார்த்தால் 4.37 தான்! கம்பெனி ஏமாற்றவில்லை. அவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆகப் பெருக்குகிறது. பூக்காரம்மாவின் முழமும் உங்கள் முழமும் போல.

இந்த இடத்துக்குள் எவ்வளவு நேரம் அடங்கும்? படத்துக்கு வினாடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் வரை டி.வி.டி. அனுமதிக்கிறது. ஒரு மணி நேரப் படம் என்றால் தாராளமாக 8 கொடுக்கலாம், பளிச்சென்று இருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் சத்தத்தையும் சேர்த்து ஐந்து சொச்சம். பரவாயில்லை. மூன்று மணி நேரத்தை ஒரே தட்டில் திணித்தால் மூன்றரைக்குள் அடங்கிவிடும். அட்சதை விழும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ரோஜாப்பூவுக்குள் மாப்பிள்ளை சுற்றும் கிராஃபிக்ஸ் காட்சிகளைக் குறைக்க மனசு வராவிட்டால் இரண்டு தட்டாகப் போடுங்கள். (வி.சி.டி. காலத்தில் ஒரு தட்டில் 74 நிமிஷம்தான். இன்டர்வெல்லுக்கு எழுந்துபோய்த் தட்டு மாற்றிய பரம்பரை நாம்!)

மைனஸா, பிளஸ்ஸா?

கடையில் கேட்கவேண்டியது 'டி.வி.டி. மைனஸ் ஆர்'. இது 1997-ல் வந்தது. 'பிளஸ் ஆர்' 2002-ல் வந்த போட்டிக் கட்சி. பின்னால் வந்த ப்ளேயர்கள் இரண்டையும் ஏற்கும். ஆனால் ப்ளேயர் கிழமாக இருந்தால் மைனஸ் ஆர்தான் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். 'ஆர்.டபிள்யூ.' என்று போட்ட, அழித்து அழித்து எழுதும் தட்டை வாங்காதீர்கள். அது லேசர் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். ப்ளேயருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது.

கடையில் விற்கும் சினிமா டி.வி.டி. அச்சில் அழுத்தி எடுத்தது. பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே இருக்கும். நாம் எழுதும் தட்டு வேறு ஜாதி. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைச் சூடுபடுத்தி அங்கங்கே நிறம் மாற்றுகிறது. 'பர்ன்' என்ற வார்த்தை சும்மா வந்ததல்ல. அந்தச் சுருள் பாதையை நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வரும். சென்னை சென்ட்ரலில் கிளம்பினால் கிண்டி வரை போய்விடலாம்! அத்தனை தூரமும் லேசர் வழுக்காமல் ஓடவேண்டும் என்பதால்தான் வேகம் முக்கியம். ஒரு எக்ஸ் வேகத்தில் முழுத் தட்டு எழுத ஒரு மணி நேரம் ஆகும். 16 எக்ஸில் ஐந்தாறு நிமிஷம். நான் 8 எக்ஸில் வைப்பேன். எட்டு, ஒன்பது நிமிஷம். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

எழுதும் சாஃப்ட்வேர்? ஒரு காலத்தில் ஊரெல்லாம் 'நீரோ பர்னிங் ரோம்'. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்வார்களே, அந்த மன்னன் பெயரை வைத்து ஜெர்மன்காரர்கள் அடித்த ஜோக் அது. இன்றைக்கு 'இம்ஜ்பர்ன்' என்பது இலவசம், சின்னது, வீடியோ டி.எஸ். ஃபோல்டரைக் கொடுத்தால் ப்ளேயருக்குப் பிடித்த மாதிரி அடுக்கி எழுதும். கடைசியில் 'ஃபைனலைஸ்' ஆகவேண்டும். கச்சேரிக்கு மங்களம் பாடுவது மாதிரி. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும், ப்ளேயர் பொறுக்காது.

தட்டின் மேல் பேப்பர் லேபிள் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் பாரம் கூடித் தட்டு ஆடும். வெயில் காலத்தில் உரிந்து ப்ளேயருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவில் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.

(ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் உங்கள் வீட்டுப் படத்துக்கு. புதுப் படத்துக்கு அல்ல! தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-ல் திருட்டு வீடியோ ஆசாமிகளையும் சேர்த்தாயிற்று. சாராயம் காய்ச்சுகிறவர்களோடு ஒரே பட்டியல்.)

அப்பா சிரித்த இடம்

நண்பர் கேஸுக்கு வருவோம். அவர் கொண்டு வந்த பழைய தட்டை முதலில் மெத்தென்ற பருத்தித் துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டத்தில் விழும் கீறல் லேசரின் பாதையோடேயே ஓடி நீளமாகக் கெடுக்கும்; குறுக்கே விழும் கீறலைத் தாண்டிவிடும்.

என்னுடைய டிரைவில் போட்டோம். எழுபது சதவிகிதம் காப்பியாகி நின்றது. ஆபீஸ் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டோம். ஒரு டிரைவுக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரியும். இது கண் டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம். முக்கி முனகி, நிமிஷக் கணக்கில் நின்று நின்று, கடைசியில் முழுக்க வந்தது. நடுவில் சில வினாடிகள் மட்டும் சிதறல்.

அதற்கு மேல் வேலை சுலபம். பழைய தட்டில் இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2. அதை எதுவாகவும் மாற்றத் தேவையே இல்லை. மாற்ற மாற்றத் தரம் குறையும், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. வீடியோ டி.எஸ். ஃபோல்டரை உள்ளது உள்ளபடி புது மைனஸ் ஆர் தட்டில் எழுதினோம். பேரனின் செல்போன் படங்களை மட்டும் டி.வி.டி.ஸ்டைலரில் போட்டுத் தனித் தட்டு.

எழுதும் முன் வி.எல்.ஸி.யில் ஃபோல்டரைத் திறந்து ஓட்டிப் பார்த்தோம். தட்சிணைத் தகராறு வந்தது. அப்பா சிரித்தார். நண்பர் மானிட்டரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டீ வாங்கிவரப் போனேன்.

திங்கட்கிழமை வந்து சொன்னார்: "ரெண்டு டிஸ்க்கும் ஓடிச்சு ஸார். அம்மா பேரன் டிஸ்க்கை ஒரு தடவை பார்த்தாங்க. அப்பா டிஸ்க்கை மூணு தடவை."

உங்கள் அலமாரியில்...

இப்போது உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வாருங்கள். அந்தச் சாயப் பூச்சு சாசுவதம் இல்லை. வெயில், உஷ்ணம், ஈரம் மூன்றும் அதற்கு எமன். ஜன்னலோரம் வைத்த தட்டு, டி.வி. மேலே சூட்டில் கிடந்த தட்டு, உறையில்லாமல் அடுக்கிய தட்டு... எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும்! ஸ்டுடியோவில் ஒரிஜினல் இருக்கும் என்று நம்பாதீர்கள். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தைப் பத்திரமாக வைத்திருக்க எந்த வீடியோக்காரருக்கும் இடமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

சாமான்களும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. 2025 பிப்ரவரியில் சோனி நிறுவனம், எழுதக்கூடிய ப்ளூ-ரே தட்டுகளோடு, வீடியோக்காரர்கள் ஒரு காலத்தில் கேமராவில் போட்ட சின்ன மினி-டி.வி. கேசட்டின் தயாரிப்பையும் நிறுத்தியது. புது லேப்டாப்களில் டிஸ்க் போடும் வாயே பெரும்பாலும் இருப்பதில்லை, யு.எஸ்.பி.யில் செருகும் தனி டிரைவ் வாங்கவேண்டும். கிடைக்கும்போதே ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். சீட்டுக் கட்டும் பணத்தில் ஒரு மாதம் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டியது இதுதான். பெட்டியில் உள்ள ஒவ்வொரு தட்டையும் டிரைவில் போட்டு, வீடியோ டி.எஸ். ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். ஃபோல்டருக்கு விசேஷத்தின் பெயரும் வருஷமும் வையுங்கள். 'நியூ ஃபோல்டர் 7' வேண்டாம். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு காப்பி. அதை அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ வையுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அப்புறம், டி.வி.டி. ப்ளேயர் இருக்கும் வீட்டுக்கு ஒரு புதுத் தட்டு எழுதி, உறையில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது அதை நீங்களே ப்ளேயரில் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை, பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். தட்டு சரியாக எழுதியிருக்கிறதா என்று டெஸ்ட் செய்ய அதைவிட நல்ல வழி கிடையாது. டெஸ்ட் இரண்டரை மணி நேரம் ஆகும். பரவாயில்லை, லீவு போடுங்கள்.